தஞ்சை மருத்துவ மரபில் தேனும் தோலழற்சியும்

1. தோற்றுவாய்

தேன் ஒரு மருந்து என்பதைக் காவிரி நாட்டில் அறியாதார் இலர். குழந்தை மருந்து முதல் இலேகியம் ஈறாக அது கலவாத மருத்துவ முறை அரிது. இப்பெருவழக்கினையே சான்றாகக் கொண்டு, ஒவ்வாமையால் எழும் தோலழற்சிக்குப் பழந்தமிழ் மருத்துவர் தேனையே மேற்பூச்சாகத் தடவினர் என்றும், அம்முறையை இன்றும் அவ்வாறே கைக்கொள்ளலாம் என்றும் அண்மைக் காலத்தே பலர் உரைத்து வருகின்றனர். இக்கூற்றினுள் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று வரலாறு பற்றியது. மற்றொன்று மருத்துவம் பற்றியது. முன்னது பிழையாயின், நம் முன்னோர் கூறாததை அவர்தம் வாயில் இட்டோமாவோம். பின்னது பிழையாயின், நோயாளியின் உடம்பு அதற்கு விலை கொடுக்கும். ஆகலின் இரண்டையும் பிரித்து ஆராய்தல் வேண்டும். தஞ்சையையும் அதனைச் சூழ்ந்த நெல்வளநாட்டையும் களமாகக் கொண்டு அவ்வாராய்ச்சியை நிகழ்த்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தேனும் காவிரி நாடும்

தேன் குறிஞ்சிக்கு உரிய பொருள். காவிரி நாடோ மருதம். எனவே, இந்நாட்டில் தேனின் வரலாறு வாணிகத்தோடு தொடங்குகின்றது எனலாம். கரிகாற் பெருவளத்தானைப் பாடும் பொருநராற்றுப்படை, தேனெய்யும் கிழங்கும் கொணர்ந்து விற்றோர் அவற்றிற்கு மாற்றாக மீனெய்யும் நறவும் கொண்டு சென்றனர் எனச் சோணாட்டு வளத்தைக் கூறுகின்றது. திணை மயங்கிய இப்பண்டமாற்றால், மலைபடு பொருளாகிய தேன் வயல்நாட்டுக்கு வந்துசேர்ந்த வழி விளங்கும்.

ஈண்டுச் சொல் பற்றிய குறிப்பொன்று இன்றியமையாதது. பழந்தமிழில் ‘தேன்’ என்பது இனிய சாற்றையும் குறிக்கும். வண்டின் ஒரு வகையையும் குறிக்கும். ‘நறவு’ என்பது தேனுக்கும் கள்ளுக்கும் பொது. வடசொல்லாகிய ‘மது’வும் அத்தகையதே. ‘தேனெய்’ என்னும் சொல்லோ ஐயத்திற்கு இடமின்றித் தேனையே குறிக்கும். மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் ‘மது’ என வருமிடமெல்லாம் தேன் என்று உரை காண்பாராயின், கள்ளிற்கு உரிய இடத்தில் தேன் புகுந்துவிடும். இஃது உரைப்பிழையோடு நில்லாது மருந்துப்பிழையாகவும் முடியும்.

சித்த மருத்துவப் பொருட்பண்பு நூல்கள் தேனை மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என ஐவகைப்படுத்தும். சரகர் நால்வகையும் சுசுருதர் எண்வகையும் கூறுவர். வடநூலார் பகுப்பு பெரும்பாலும் ஈயின் வகை பற்றி எழுந்தது. தமிழ்ப் பகுப்போ கூடு அமைந்த இடம் பற்றி எழுந்தது. தேன் எடுப்பார் கண்கொண்டு செய்த பகுப்பு இது எனல் பொருந்தும். இவற்றுள் மரப்பொந்தும் புற்றும் மனையும் வயல்நாட்டிலும் உள்ளவை; மலைத்தேன் வெளியிலிருந்து வரவேண்டுவது.

கோயில் வழக்கும் இந்நாட்டில் தேனுக்குப் பேரிடம் தந்துள்ளது. நன்னிலத்து இறைவன் பெயர் மதுவனேசுவரர். திருக்கண்ணமங்கைப் பத்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயார் சந்நிதிக்கு அருகே அமைந்த தேன்கூடு போற்றப்பெறுகின்றது. கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பியத்தில் விநாயக சதுர்த்தி இரவில் பிள்ளையாருக்குத் தேன் ஒன்றாலேயே திருமுழுக்காட்டுவர். தெய்வத் திருமேனியில் சொரியப்படும் பொருள் மனித உடம்பின் புறத்தேயும் பூசத்தக்கதே என்னும் எண்ணம் மக்களிடை எளிதில் எழும். ஆயினும், வழிபாட்டு வழக்கு மருத்துவச் சான்று ஆகாது. மருத்துவம் யாது கூறிற்று என்பதை மருத்துவத்தினுள்ளேயே தேடவேண்டும்.

3. நோய்ப் பெயர்கள்

‘ஒவ்வாமை’ என்பது இக்காலக் கலைச்சொல். இதற்கு மூலமாகிய ‘அலர்ஜி’ என்னும் சொல்லை வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளமென்சு வான் பிர்க்கே 1906-ஆம் ஆண்டிற்றான் படைத்தார். எனவே, பழஞ்சுவடியில் அச்சொல்லைத் தேடுதல் வீண். அதனுள் இன்று அடக்கப்படும் நோய்கள் பண்டு எப்பெயர் பெற்றன என்பதே வினா.

முதலாவது கரப்பான். தோல் சிவந்து, தடித்து, அரித்து, நீர் கசிந்து, பின் செதிலாக உதிரும் நோயினை இப்பெயரால் வழங்குவர். இன்று ‘எக்சிமா’ எனப்படுவது பெரும்பாலும் இதனுள் அடங்கும். கரப்பானை மிகுவிக்கும் உணவுகளைக் ‘கரப்பான் பண்டம்’ என ஒதுக்கும் வழக்கு இன்றும் உண்டு. உண்ட பொருளுக்கும் தோலில் எழும் நோய்க்கும் தொடர்புண்டு என்னும் அறிவு இவ்வழக்கினுள் பொதிந்து கிடக்கின்றது. திருக்குறள் மருந்து அதிகாரம் மாறுபாடில்லாத உணவை வற்புறுத்துவதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இரண்டாவது காணாக்கடி. கடித்தது யாதெனக் காணாதிருக்கவும், கடிபட்டாற்போலத் தடிப்பு எழுந்து அரித்துச் சில நாழிகையில் மறைவதால் இப்பெயர் பெற்றது. மாதவநிதானம் இதனைச் சீதபித்தம் என்னும் பெயரால் கூறுமிடத்து, குளவி கொட்டினாற்போன்ற வீக்கம் என உவமித்தது. வெவ்வேறு மொழியினர் ஒரே நோயைக் கண்டு ஒரே உவமையை எய்தினர். கடி இல்லை, கடியின் விளைவு மட்டும் உண்டு. ஒவ்வாமையின் இயல்பை இதனினும் சுருங்கக் கூறல் அரிது.

மூன்றாவது, நெல்வேளாண்மையோடு ஒட்டிய துன்பங்கள். கதிரடிக்கும் களத்தில் நெல்லின் சுணை உடம்பிற் பட்டு அரிப்பெழுதல் உழவர் யாவரும் அறிந்தது. நடவுக் காலத்தில் நாள் முழுதும் சேற்றில் நிற்போர்க்குக் கால்விரலிடுக்கு வெந்து புண்ணாதல் சேற்றுப்புண் எனப்படும். இவை இரண்டும் ஒரே நிலத்தில் ஒரே மக்களுக்கு வருவன. ஆயினும் இயல்பால் வேறுபட்டவை. சுணையால் வருவது உராய்வும் எரிச்சலும். சேற்றுப்புண்ணோ, நீரில் ஊறித் தன் காப்பை இழந்த தோலில் பூஞ்சையும் நுண்ணுயிரும் குடிபுகுந்தமையால் விளைவது. சுணைக்கு எண்ணெய் தடவி நீராடுதலும், சேற்றுப்புண்ணுக்கு மருதாணியை அரைத்து அப்புதலும் நாட்டு வழக்கு. நோய் வேறாயின் பூச்சும் வேறு என்னும் தெளிவு மருத்துவரிடை மட்டுமன்றி உழவரிடையும் இருந்தது.

4. புண்ணும் தேனும்

புண்ணை ஆற்றும் கலை தமிழகத்தில் மிகப் பழமையானது. நீண்ட ஊசியால் தைக்கப்பெற்ற மார்பின் வடுவைப் பதிற்றுப்பத்துக் குறிக்கின்றது. விழுப்புண் பட்டவனைக் காக்கும் மனையில் வேம்பும் இரவமும் செருகி, ஐயவி சிதறி, நறும்புகை ஊட்டுதலை அரிசில் கிழாரின் புறப்பாட்டு விரித்துரைக்கின்றது. அப்பாட்டில் தேன் இடம்பெறவில்லை என்பதனை மறைத்தல் ஆகாது.

புண்ணுக்குத் தேன் இடுதலை விரிவாக விளக்கும் நூல் சுசுருத சங்கிதை. புண்ணுக்குரிய அறுபது செயல்முறைகளை அது வகுத்துக் கூறுகின்றது. எள்ளரைப்பும் தேனும் நெய்யும் அவற்றுள் மீளமீள வருகின்றன. புண்ணின் அழுக்கைச் சுரண்டி நீக்கும் பண்பும், தசையைக் கூட்டி ஆற்றும் பண்பும் தேனுக்கு உண்டென்பது அந்நூலார் கொள்கை. இவ்வறிவு இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கி.மு. 1600-ஐ ஒட்டி எழுதப்பெற்றதெனக் கருதப்படும் எகிப்தியரின் எட்வின் சிமித் பாப்பிரசுச் சுவடியும், தேனும் கொழுப்பும் பஞ்சிழையும் சேர்த்துப் புண்ணைக் கட்டுமாறு பணிக்கின்றது.

சோழர் காலத்தே மருத்துவம் அறமாகவும் நிறுவனமாகவும் வளர்ந்தது. தஞ்சையில் குந்தவைப் பிராட்டியார் தந்தை சுந்தரசோழரின் பெயரால் அமைந்த ஆதுலசாலையைப் புரந்தார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு, பதினைந்து கட்டில்கள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையைப் பற்றிக் கூறுகின்றது. அங்கே மருத்துவனும் சல்லியக்கிரியை செய்வானும் தனித்தனியே அமர்த்தப்பெற்றிருந்தனர். உள்மருந்து கொடுப்பவனும் புண்ணை அறுத்து ஆற்றுபவனும் வேறு என்னும் இப்பகுப்பு நம் வினாவிற்கு இன்றியமையாதது. தேனை மேற்பூச்சாகக் கையாளும் முறை பின்னவனுடைய கலையைச் சார்ந்தது. கரப்பானோ பெரும்பாலும் முன்னவனுடைய பொறுப்பு.

அக்கல்வெட்டு, சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலையும் தருகின்றது. அவற்றுள் ஒன்று பல்லாதக அரீதகி. பல்லாதகம் என்பது சேங்கொட்டை. சேராங்கொட்டை எனவும் வழங்கும். சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடப் பயன்படுத்திய கொட்டை இதுவே. இதன் நெய் பட்ட இடம் சிவந்து கொப்புளித்து அரிக்கும். ஒருமுறை பட்டு உடல் அதற்கு இணங்காதாயின், குறியிட்ட துணி தோலில் படுதலே போதும். இந்தியாவிலிருந்த அயல்நாட்டுப் படைவீரரின் கழுத்திலும் இடுப்பிலும் துணிக்குறி பட்ட இடத்தில் எழுந்த இவ்வழற்சியை இரண்டாம் உலகப்போர்க் கால மருத்துவர் எழுதிவைத்துள்ளனர். தொடுதலால் விளையும் ஒவ்வாமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. இக்கொட்டையைத் தூய்மை செய்யப் புகும் மருத்துவர் முதலில் கையில் எண்ணெயோ நெய்யோ பூசிக்கொள்வர். வெந்த தோலுக்கும் நெய்யும் தேங்காயெண்ணெயுமே தடவுவர். ஒவ்வாமை அழற்சியை நேரே எதிர்கொண்ட இடத்தில் மரபு நாடியது நெய்ப்பொருளை, தேனையன்று.

5. கரப்பானுக்குரிய பூச்சு

கரப்பானுக்கு வழங்கும் சித்த மருந்துகளை நோக்கினும் இதுவே புலனாகும். அருகன் தைலம், புங்கத் தைலம், வெட்பாலைத் தைலம் எனப் புறத்தே தடவுவன பெரும்பாலும் தைலங்கள். தேன் உள்மருந்தின் துணையாக வருகின்றது. பறங்கிப்பட்டைச் சூரணம் போன்றவற்றைத் தேனிலோ பாலிலோ குழைத்து உட்கொள்ளச் செய்வர். இவ்வாறு மருந்தை ஏந்திச் செல்லும் துணைப்பொருளை அனுபானம் என்பர். பறங்கியர் வாணிகவழி வந்த பட்டையென்பது அதன் பெயராலேயே விளங்கும். புதிதாக வந்த மருந்தையும் பழைய அனுபானத்தோடு இணைத்துக்கொண்டது தமிழ் மருத்துவம்.

தேன் ஏன் தைலத்தினுள் புகவில்லை? இதற்கு மருந்து செய்முறையிலேயே விடை உண்டு. தேனைச் சூடாக்குதல் தீங்கு என்பது சரகர், சுசுருதர் இருவர்க்கும் உடன்பாடு. இலேகியத்திலும் ஆறிய பின்னரே தேன் சேர்ப்பர். தைலமோ அடுப்பிலேற்றிப் பதம் வரக் காய்ச்சப்படுவது. ஆகவே, காய்ச்சும் தைலத்தில் தேனுக்கு இடமில்லை. ஆயினும் தேனீயின் மற்றொரு கொடை அதனுட் புகுந்தது. அது தேன்மெழுகு. மெழுகு வெம்மையில் உருகி எண்ணெயோடு ஒன்றும்; ஆறியபின் இறுகித் தோலின்மேல் படலமாகப் படியும். எரிச்சலுக்குத் தடவும் பிண்ட தைலத்திலும், புண்ணுக்கு இடும் சாத்தியாதி நெய்யிலும் மெழுகு சேர்வது காண்க. தேனடையின் இரு பொருள்களுள் தேன் புண்ணுக்கும் உள்மருந்துக்கும், மெழுகு தோற்பூச்சுக்கும் எனப் பணி பிரிந்தது என்பதே இவ்வாய்விற் போந்த முதன்மையான முடிபு.

6. தன்வந்திரி மகால்

இம்மரபுகள் யாவும் ஒரு கூரையின்கீழ்க் கூடிய இடம் தஞ்சை. இரண்டாம் சரபோசி மன்னர் (1777–1832) 1798-இல் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டு உடன்படிக்கையால் நாட்டாட்சி கும்பினியார் கைக்கு மாறியது. ஆட்சிப்பொறுப்பு சுருங்கியபோது கல்விப்பணி விரிந்தது. அவர் நிறுவிய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேனாட்டு மருத்துவம் ஆகிய நான்கும் பயிலப்பெற்றன. நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் எழுதி வைக்கப்பெற்றன. மன்னர் ஈடுபட்ட கண்மருத்துவத்தின் குறிப்பேடுகளும் கண்களின் வண்ணப்படங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. பயன் கண்ட முறைகள் தமிழ்ச்செய்யுளாகவும் யாக்கப்பெற்றன. சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் அந்நூலகம் அவற்றை நோய்வாரியாகத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது.

இவர் அவையில் எழுந்த சரபேந்திர பூபால குறவஞ்சியும் ஈண்டு நினைக்கத்தக்கது. மலைவாணியாகிய குறத்தி வயல்நாட்டு அரசனின் நகருக்கு வருதல் அவ்விலக்கிய வகையின் அமைப்பு. பொருநராற்றுப்படைக் காலத்துப் பண்டமாற்று, பதினெட்டு நூற்றாண்டுகட்குப் பின்னரும் கலைவடிவில் தஞ்சைப் பெரிய கோயிலில் நடித்துக் காட்டப்பெற்றது.

தன்வந்திரி மகாலின் பெருமை மருந்துகளின் எண்ணிக்கையில் இல்லை. ஓதியதை நோயாளியிடம் ஒப்பிட்டுப் பார்த்து எழுதிவைத்த நெறியில் உள்ளது. இன்று அம்மரபின் பெயரால் பேசுவோர் அந்நெறியையும் ஏற்றல் வேண்டும். மன்னர் மறைந்து, 1855-இல் அவர் மைந்தர் இரண்டாம் சிவாசியும் ஆண்வழி இன்றி மறைந்த பின்னர் அரசு முடிந்தது. நூலகம் மட்டும் 1918-இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று.

7. இக்கால ஆய்வு காட்டுவது

தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை; நீர் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. இச்செறிவு நுண்ணுயிரின் நீரை உறிஞ்சி அதனை வாடச் செய்யும். தேனின் புளிப்பும் நுண்ணுயிர்க்கு ஆகாது. தேனீ சேர்க்கும் நொதியொன்று, தேன் நீரோடு கலக்கும்போது ஐதரசன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக வெளியிடும். அந்நொதி வெம்மையில் அழியும். சூடாக்காதே என்ற பழைய விதிக்கு முன்னோர் கூறிய காரணம் வேறாயினும், விதி மட்டும் இன்றைய வேதியியலோடு இயைகின்றது.

புண்ணைப் பொறுத்தவரை சான்று வலிது. மராட்டிய மாநிலத்துச் சோலாப்பூரில் மருத்துவர் சுப்பிரமணியம் 104 தீப்புண் நோயாளரிடம் தேனையும் வெள்ளிசேர் களிம்பையும் ஒப்பிட்டு 1991-இல் வெளியிட்ட ஆய்வு தேனுக்குச் சார்பாக அமைந்தது. 26 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2015-ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பீடு, ஆழமில்லாத தீப்புண்கள் வழக்கமான கட்டுகளினும் தேனால் நான்கைந்து நாள் முன்னதாக ஆறின எனக் கண்டது. ஏனைப் பல புண்வகைகளில் உறுதி கூற இயலாது என்றும் அதுவே கூறிற்று.

தோலழற்சியிலோ நிலை வேறு. 2003-இல் அல்-வைலி என்பார் தேன், ஒலிவ எண்ணெய், தேன்மெழுகு மூன்றையும் சம அளவிற் கலந்து பூசி, கரப்பானை ஒத்த அழற்சியில் பலர்க்கு நலம் கண்டதாக எழுதினார். நியூசிலாந்தில் 2014-இல் வெளிவந்த சிற்றாய்வு, எக்சிமாவுக்குக் கனுகாத் தேன் பயன் தந்ததற்குச் சான்று காணவில்லை. 2017-இல் அலங்காரி முதலியோர் 14 நோயாளரிடம் மனுகாத் தேனால் நன்மை கண்டனர். இவை யாவும் மிகச் சிறு தொகையினரிடம் நிகழ்ந்தவை, தம்முள்ளும் முரணுவன. நலம் கண்ட முதலாய்வின் கலவையில் எண்ணெயும் மெழுகும் மூன்றில் இருபங்கு என்பது கருதத்தக்கது. தோலின் ஈரத்தைக் காக்கும் நெய்ப்பூச்சே இந்நோய்க்கு அடிப்படை மருத்துவம் என்பது இன்றைய தோல் மருத்துவரின் பொதுக்கொள்கை. தைலமும் மெழுகும் என நம் மரபு வகுத்ததும் அதுவே.

எச்சரிக்கையும் வேண்டும். தேனில் மகரந்தமும் தேனீயின் புரதமும் உண்டு; ஒவ்வாமை உடையார் சிலர்க்கு அவையே ஒவ்வாமை விளைக்கும். மருத்துவமனைகளில் புண்ணுக்கு இடும் தேன் காமாக் கதிரால் தூய்மை செய்யப்பெற்றது, கடைத்தேன் அத்தகையதன்று. நச்சுவித்துகள் இருத்தல் கூடுமாகலின் ஓராண்டு நிரம்பாக் குழந்தைக்குத் தேன் புகட்டலாகாது. கரப்பான் மிகுதியும் குழந்தைகளையே பற்றுவதாகலின், கையிலும் கன்னத்திலும் தடவிய தேன் வாய்க்குச் செல்லும் என்பதையும் எண்ணவேண்டும்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தேன் மேற்பூச்சாக இடப்பட்டது புண்ணுக்கே. கரப்பான், காணாக்கடி முதலிய அழற்சிகளில் அதன் பணி பெரும்பாலும் உள்மருந்தின் அனுபானமாதல். புறத்தே தடவியது நெய்யும் தைலமும் மெழுகும். சொறிந்து புண்ணாகிய கரப்பானில் இவ்விரு நெறிகளும் சந்தித்தல் கூடும்; ஆயினும் அங்கும் தேன் ஆற்றுவது புண்ணையேயன்றி அழற்சியின் காரணத்தையன்று.

ஆகவே, பழந்தமிழ் மருத்துவர் ஒவ்வாமைக்குத் தேன் தடவினர் என்னும் பொதுக்கூற்று, அவர்கள் அரிதின் வகுத்த வேறுபாட்டை அழித்துவிடுகின்றது. அவர்களைப் புகழ்வதாக எண்ணி அவர்தம் நுண்ணறிவைக் குறைக்கின்றோம். சரசுவதி மகால் வெளியீடுகளையும் பிற மருத்துவச் சுவடிகளையும் ஆராயும் இளைஞர், தேன் வருமிடந்தோறும் அஃது உண்பதோ பூசுவதோ, எந்நோய்க்கு, எப்பொருளோடு, காய்ச்சும் முன்னோ ஆறிய பின்னோ என்னும் நான்கு வினாக்களையும் எழுப்பி அட்டவணை ஒன்று அமைத்தல் வேண்டும். அவ்வட்டவணை சொல்லாராய்ச்சிக்கும் பயன்படும், மருத்துவருக்கும் கைவிளக்காகும், கரப்பானால் இரவெல்லாம் உறங்காத குழந்தையின் தாய்க்கும் தவறான வழியைத் தடுத்துக் கொடுக்கும்.